பின்புறம் தொங்கும் வீரா: மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கைத்தான்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் கூட்டரசுச் சாலை 50-இல், செம்பனை லாரிகளுக்குப் பின்னால் ஓடும் பழைய புரோட்டோன் வீராக்களைக் கவனியுங்கள். ஆளும் சாமானும் ஏறாதபோதே பலவற்றின் பின்புறம் தாழ்ந்திருக்கும். மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் வந்து, 2009 வரை தயாரான கார் அது. கடைசி வண்டிக்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. ஆனாலும் எஞ்சின் ஓடுகிறது, ஜொகூரில் உதிரிப்பாகமும் கிடைக்கிறது. இந்தச் சரிவுக்குக் கடைகளில் சொல்லப்படும் மூன்று வைத்தியங்களையும் என் 1.5 வீராவில் செய்து பார்த்தேன்.

முதலில் அளவெடுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளக்க வேண்டும். டயர் காற்று குறைந்திருந்தாலும் இந்த அளவு மாறாது. என் வண்டியில் பின் இடப்பக்கம் வலத்தைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே நோக்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

ஸ்பிரிங் ரப்பர்

சுருள்களுக்கு இடையே செருகும் ரப்பர்தான் ஆக மலிவு. செருகியதும் வண்டி உயர்ந்து நிற்கும். ஆனால் ரப்பர் பிடித்த சுருள்கள் வேலை செய்வதை நிறுத்திவிடுகின்றன; சுமை முழுவதும் மற்றச் சுருள்கள் மேல் விழுகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் பின்புறம் தூக்கித் தூக்கிப் போட்டது. கழற்றியபோது ரப்பருக்கு அடியில் மணல் சிக்கி, ஸ்பிரிங்கின் பெயிண்ட் உரிந்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்குத் துரு பிடிக்க அது போதும். துருப்பிடித்த இடத்தில்தான் ஸ்பிரிங் விரிசல் விடும்.

புது அப்சோர்பர்

எண்ணெய் கசிந்த பின் அப்சோர்பர்களை மாற்றியதும் வேகத்தடையில் ஏறி இறங்கிய பின் வந்த ஆட்டம் நின்றது. உயரம் மட்டும் அப்படியே இருந்தது. அதில் வியப்பில்லை: காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்குவதுதான் அப்சோர்பர். சரிவைக் காட்டியதும் “அப்சோர்பர் போச்சு” என்று சொல்லும் பட்டறையில், ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது ஸ்பிரிங்

ஆண்டுக்கணக்கில் எடை சுமந்த எஃகு மெல்லக் குறுகிவிடுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்கும் ஸ்பிரிங்கும் இதே வயதுடையதுதான் என்பதால் அதைத் தவிர்த்தேன். காரைத் தாழ்த்துவதற்கென்று விற்கும் ‘ஸ்போர்ட் ஸ்பிரிங்’ இதற்கு மருந்தே அல்ல. எஞ்சினுக்கும் கியருக்கும் ஏற்ப ஸ்பிரிங் வேறுபடலாம். பாக எண்ணைச் சரிபார்த்து, இடது வலது இரண்டையும் சோடியாக மாற்றுங்கள்.

வேலை நடக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்தது, பலர் விட்டுவிடுவது: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்கிமுடிக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். கடைசியில் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும்; விட்டுவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

தீர்ப்பு

நான்கு பேரும் நிறைந்த பூட்டுமாகப் போனாலும் இப்போது பின்புறம் பம்ப் ஸ்டாப்பரில் இடிப்பதில்லை. வளைவிலும் வண்டி நிதானமாக நிற்கிறது. கையில் காசு குறைவென்றால் அப்சோர்பரைத் தள்ளிப்போடலாம், அது கசியாதவரை. ஸ்பிரிங்கைத் தள்ளிப்போடாதீர்கள், ரப்பருக்குக் காசைக் கொட்டாதீர்கள். வீராவை இன்னும் சில ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு, ஒரு சோடி புது ஸ்பிரிங்தான் முதல் செலவு.