இரண்டு வாரத்துக்கான இருப்பு: டில்லமூக் கவுன்ட்டியின் பேரிடர்த் தயார்நிலை

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கரையோர மலைத்தொடருக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலப்பகுதி டில்லமூக் கவுன்ட்டி. நிர்வாகத்தில் ஏறக்குறைய ஒரு மாவட்டத்துக்கு இணையானது. மக்கள்தொகை சுமார் 27 ஆயிரம். அவர்களில் நான்கில் ஒருவர் 65 வயதை எட்டியவர். பால்பண்ணை, மரத்தொழில், மீன்பிடி, கோடைச் சுற்றுலா ஆகியவற்றால் வாழும் ஊர்கள் இவை. போர்ட்லண்ட் பெருநகரிலிருந்து மலையைக் கடந்து வரும் சாலைகள் சிலவே. கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் 101ஆம் எண் நெடுஞ்சாலையோ வழியெங்கும் ஆறுகளைப் பாலங்களால் தாண்டிச் செல்கிறது. இச்சாலைகள் அறுபட்டால் உணவு, எரிபொருள், மருந்து எதுவும் உள்ளே வராது. வெளியிலிருந்து உதவி வராமலே இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர், உணவு, மருந்து, விளக்கு, வானொலி ஆகியவை இருக்க வேண்டும் என்று மாநில அரசு வலியுறுத்துவது இதனால்தான்.

இக்கவுன்ட்டி எதிர்கொள்ளும் ஆபத்துகள் இரு வகை. முதல் வகை அடிக்கடி வருபவை. வில்சன், டிராஸ்க், டில்லமூக், கில்ச்சிஸ், மயாமி என்னும் ஐந்து ஆறுகள் டில்லமூக் விரிகுடாவில் கலக்கின்றன. குளிர்கால மழை வலுக்கும்போது அவை கரைமீறித் தாழ்நில மேய்ச்சல் வெளிகளையும் நெடுஞ்சாலையையும் மூழ்கடிக்கும். கூடவே கடலிலிருந்து வரும் சூறைக்காற்று மரங்களைச் சாய்க்கும். இரண்டாம் வகை அரிதானது, ஆனால் அளவில் ஒப்பிட முடியாதது. வட கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை சுமார் 1,000 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் கிடக்கிறது காஸ்கேடியா பிளவு. அது கடைசியாக முழுநீளத்துக்கும் நழுவிப் பெரும் நிலநடுக்கத்தையும் சுனாமியையும் எழுப்பியது 1700 ஜனவரி 26 இரவில். நிலநடுக்கத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்து நிகழ்வு அது. என்றாலும், ஜப்பானியக் கரையில் நிலநடுக்கமின்றி வந்து மோதிய அலையைப் பற்றி அந்நாட்டார் எழுதிவைத்த குறிப்புகளும், வாஷிங்டன் மாநிலக் கழிமுகங்களில் பட்டுநிற்கும் மரங்களின் வளையங்களும் அந்த நாளைத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தன. அந்த நிலநடுக்கத்தின் அளவு 9ஐ ஒட்டியிருந்தது என்பது கணிப்பு.

2004இல் சுமத்ராவுக்கு அப்பால் நழுவியதும் இதே வகைப் பிளவுதான். தமிழகக் கரைக்கு அதில் எழுந்த சுனாமி அலை வந்துசேரச் சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. எச்சரிக்கை அமைப்பு இருந்திருந்தால் அந்த நேரம் போதுமாயிருந்திருக்கும். டில்லமூக் கரைக்குக் கிடைக்கப்போவது 15 முதல் 30 நிமிடம். சில நிமிடங்கள் நீடிக்கும் அதிர்வு ஓய்ந்தவுடன் மேட்டை நோக்கி நடக்கத் தொடங்க வேண்டும். அதிர்வைத் தவிர வேறு எச்சரிக்கையை எதிர்பார்த்து நிற்க நேரமில்லை.

நெடுங்காலமாக அமெரிக்க வீடுகளுக்குச் சொல்லப்பட்ட கணக்கு 72 மணி நேரம். 2013இல் வெளிவந்த ஆரிகன் மீள்திறன் திட்டம் அந்தக் கணக்கை உடைத்தது. காஸ்கேடியா நழுவினால் கரையோரத்தில் மின்சாரம் திரும்ப 3 முதல் 6 மாதமும், குடிநீரும் கழிவுநீர் அமைப்பும் சீராக 1 முதல் 3 ஆண்டும், மருத்துவமனைகள் பழைய நிலைக்கு வர 3 ஆண்டும் ஆகலாம் என்று அது மதிப்பிட்டது. மூன்று நாள் என்பது அப்பட்டமான பொய் நம்பிக்கையாகிவிட்ட நிலையில், இரண்டு வாரம் என்ற புதிய இலக்கு பிறந்தது.

இந்த நடைமுறையின் வலிமை முதல் வகை ஆபத்துகளில் தெளிவாகத் தெரிகிறது. 2007 டிசம்பர் தொடக்கத்தில் அடித்த சூறாவளிக் காற்று மணிக்கு 160 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் வீசியது. டில்லமூக்கிலும் அதன் வடக்கே உள்ள கிளாட்சப் கவுன்ட்டியிலும் பல நாட்கள் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. விழுந்த மரங்கள் சாலைகளை அடைத்தன. வெளியுலகத்தோடு தொடர்பை மீட்டுத் தந்தவர்களில் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் முக்கியமானவர்கள். அத்தகைய நாட்களில் அலமாரியில் உணவும், விறகு அடுப்பும், சேமித்த தண்ணீரும் உள்ள குடும்பம் யாரையும் அழைக்காமல் இருந்துகொள்கிறது. தொண்டர்களை நம்பி இயங்கும் சிறு தீயணைப்புப் படைகள்தான் இங்கே பல ஊர்களுக்கு. அழைக்காத ஒவ்வொரு வீடும், உண்மையில் ஆபத்தில் உள்ள இன்னொரு வீட்டுக்கு அந்தப் படையை விடுவிக்கிறது. சேமிப்பின் பெரும்பயன் இதுதான். சேமிப்பவரைவிட அடுத்த வீட்டுக்காரர்தான் அதைக் கூடுதலாக அனுபவிக்கிறார்.

கிராமப்புறத்துக்கு இந்தச் சிந்தனை புதிதுமில்லை. 1996 பிப்ரவரி வெள்ளத்தில் டில்லமூக் பண்ணைகளில் நூற்றுக்கணக்கான பசுக்கள் மாண்டன. அதன்பின் பண்ணைக்காரர்கள் மேய்ச்சல் நிலத்தில் மண்ணைக் குவித்து உயர்ந்த மேடைகள் அமைத்தார்கள்; வெள்ள எச்சரிக்கை வந்ததும் மாடுகள் அங்கே ஏற்றப்படுகின்றன. எந்தக் கையேட்டிலும் உள்ள பொதுவான பொருள்பட்டியலைவிட இந்த மண்மேடு உயர்ந்த தயார்நிலை. தன் இடத்தில் எது, எவ்வளவு உயரத்துக்கு, எந்த வழியாக வரும் என்பதை அறிந்தவர்கள் கட்டியது அது.

குறைகள் இரண்டாம் வகை ஆபத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்படுகின்றன. முதலாவது, இருப்பு வைக்கும் இடம். ராக்கவே பீச் போன்ற ஊர்களில் பல வீடுகள் கடலை ஒட்டிய தாழ்ந்த மணற்பட்டையில் இருக்கின்றன. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் என்று கணக்கிட்டால் இரண்டு வாரத்துக்குச் சுமார் 213 லிட்டர் தண்ணீர் வேண்டும். இருநூறு கிலோவைத் தாண்டும் இந்தச் சுமையை இருபது நிமிடத்தில் மலையேற்ற யாராலும் முடியாது. அலை வரும் வீட்டில் வைத்த இருப்பு வீட்டோடு போகும். அங்கே வாழ்பவருக்கு உயிர்காப்பது ஒரு தோள்பையும், முன்பே நடந்து பழகிய பாதையும்தான். ஒரே அறிவுரையைக் கரைக்கும் மேட்டுக்கும் சேர்த்துச் சொல்வது இந்த நடைமுறையின் மிகப் பெரிய பிழை.

இரண்டாவது, வீடு. அஸ்திவாரத்தோடு போல்ட்டால் பிணைக்கப்படாத பழைய மரவீடுகள் பெரிய அதிர்வில் நழுவிவிடக்கூடும். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து தூண்கள்மேல் அமர்த்திய வீடுகளின் நிலை இன்னும் மோசம். வீடு சாய்ந்தால் உள்ளே அடுக்கிய டப்பாக்கள் எட்டாது. வெந்நீர்த் தொட்டியைச் சுவரோடு பட்டையால் கட்டிவைப்பது குறைந்த செலவில் முடியும் வேலை. அது கவிழாமல் நின்றாலே 150 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் வீட்டிலேயே இருக்கும். வாங்கும் பொருள்களைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பிரசாரங்கள் இந்தக் கட்டும் வேலைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்றாவது பணம். குறைந்த கூலிக்கு விடுதிகளிலும் பண்ணைகளிலும் வேலை செய்து, வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இரண்டு வார உணவைக் கூடுதலாக வாங்கி வைக்கப் பணமும் இல்லை, இடமும் இல்லை. பால்பண்ணைத் தொழிலாளர்களில் ஸ்பானிய மொழி பேசுவோர் பலர். ஆங்கிலக் கையேடு அவர்களுக்கு எட்டாது. மருந்தின் சிக்கல் இதைவிடக் கடினம். கையிருப்பு தீரும் தறுவாய்க்கு முன் அடுத்த மாத மருந்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. இன்சுலினுக்கோ குளிர்ச்சி வேண்டும். முதியோர் இவ்வளவு பேர் வாழும் கவுன்ட்டியில், இரண்டு வார மருந்தைச் சேமிக்கும் பொறுப்பை நோயாளியின் தலையில் வைப்பது நியாயமாகாது.

நான்காவது, அளவுகோல். இரண்டு வாரம் முடிந்த மறுநாள் என்ன? மின்சாரத்துக்கு மாதக் கணக்கும் குடிநீருக்கு ஆண்டுக் கணக்கும் சொல்லும் அதே அரசின் திட்டம், வீட்டுக்கு மட்டும் வாரக் கணக்கைத் தருகிறது. ஆரிகனின் திரவ எரிபொருளில் 90 சதவீதத்துக்கும் மேல் போர்ட்லண்டின் வில்லாமெட் ஆற்றங்கரைக் கிடங்குகள் வழியாகவே வருகிறது. அந்தக் கரை மண் அதிர்வில் குழம்பாகக்கூடியது. அங்கே தொட்டிகள் சிதைந்தால் டில்லமூக்கின் எந்த வீட்டு அலமாரியும் அதை ஈடுகட்டாது.

இக்குறைகளில் சிலவற்றுக்கு அண்டை ஊர்கள் விடை கண்டிருக்கின்றன. கிளாட்சப் கவுன்ட்டியின் கேனன் பீச், அலை எட்டாத மேட்டில் பெரிய சரக்குப் பெட்டகங்களை நிறுத்தி, குடும்பங்கள் தங்கள் பொருள்களைப் பீப்பாய்களில் அங்கே வைக்க வழிசெய்தது. டில்லமூக்கின் வடக்குப் பகுதியில் நெஹாலம் விரிகுடா அவசரகாலத் தொண்டர் படை, அக்கம்பக்கத்தாரை ஒருங்கிணைத்து, செல்பேசி செயலிழக்கும்போது பேசிக்கொள்ளக் கையடக்க வானொலிகளைப் பழக்குகிறது. குடும்பம் என்ற அலகைத் தெரு என்ற அலகாக விரிக்கும் இந்த முயற்சிகளே இரண்டு வார நடைமுறையின் உருப்படியான வளர்ச்சி. ஆனால் அவற்றுக்கும் ஓர் இடையூறு உண்டு. மன்சனிட்டா போன்ற ஊர்களில் பெரும்பான்மை வீடுகள் விடுமுறை வீடுகள். குளிர்காலத்தில் அத்தெருக்களில் அழைத்தால் வர அண்டைவீட்டார் இருப்பதில்லை. கோடையில் வந்து தங்குபவருக்கோ எந்தச் சந்து மேட்டுக்குப் போகும் என்று தெரியாது. வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டிலும் வெளியேறும் பாதையின் வரைபடத்தையும் ஒரு தோள்பையையும் கட்டாயமாக்குவது உள்ளாட்சியால் செய்யக்கூடியது, செலவும் சிறிது.

அரசின் பங்கு சீராக இல்லை. கிளாட்சப் கவுன்ட்டியின் சீசைட் பள்ளி மாவட்ட வாக்காளர்கள் 2016இல் சுமார் 10 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்து, அலைப்பாதையில் இருந்த பள்ளிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். 2019இலோ, அலை புகும் பகுதியில் பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் புதிதாகக் கட்ட 1995 முதல் இருந்த தடையை மாநிலச் சட்டமன்றம் நீக்கியது. கரையோர ஊர்களில் வேறு நிலம் இல்லை, தடையால் வளர்ச்சி முடங்குகிறது என்பது ஆதரித்தவர்களின் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் குடும்பங்களிடம் இரண்டு வார இருப்பைக் கேட்கும் மாநிலம், அவர்களைத் தேடி வர வேண்டிய தீயணைப்பு வண்டியை அலைப்பாதையிலேயே நிறுத்த இடம் கொடுத்தது வீட்டுத் தயார்நிலையின் மதிப்பையே குறைக்கிறது.