‘பகல் கனவு’ நூலில் புதிய ஆசிரியரின் முதல் நாள்: நவீனக் கற்பித்தல் திறன் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா (1885–1939) எழுதிய ‘திவாஸ்வப்னா’ 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது. ‘பகல் கனவு’ என்னும் பெயரில் தமிழாக்கமும் பெற்றுள்ளது. கல்வியைப் பற்றிப் படித்தும் சிந்தித்தும் வந்த ஒருவர், வகுப்பறை அனுபவம் ஏதுமின்றிக் கல்வி அதிகாரியை அணுகி, ஓராண்டுக் காலம் சோதனை செய்து பார்க்க நான்காம் வகுப்பைக் கேட்டுப் பெறுகிறார். அந்த ஓராண்டின் கதையே நூல். கதை சொல்லல், விளையாட்டுவழி இலக்கணம், வகுப்பறை நூலகம் ஆகிய முறைகளின் தொகுப்பாக இந்நூலை வாசிப்பது எளிது. அவ்வாறு வாசிக்கையில், ஆசிரியர் தோற்றுத் திரும்பும் முதல் நாள், பின்வரும் வெற்றிகளுக்கான முகப்பாக மட்டும் சுருங்கிவிடுகிறது. நூலின் சிந்தனை வலிமை அந்நாளில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

தாளில் எழுதிய திட்டம்

புதிய ஆசிரியர் வெறுங்கையோடு வகுப்புக்குச் செல்லவில்லை. முதல் நாள் என்னென்ன செய்வது என்பதை வரிசையாகத் திட்டமிட்டுக்கொண்டே செல்கிறார். அத்திட்டத்தின் தொடக்கம் அமைதி விளையாட்டு. மரியா மாண்டிசோரியின் கல்விமுறையில் புகழ்பெற்ற பயிற்சி அது. குழந்தைகள் தாமே அசைவையும் ஒலியையும் அடக்கிச் சுற்றியுள்ள மெல்லிய ஓசைகளைக் கேட்கப் பழகுவர். ஆனால் நான்காம் வகுப்பு மாணவர் அமைதி காக்கவில்லை. ஒருவர் ஒலி எழுப்ப மற்றவர் தொடர, விளையாட்டு கேலிக்கூத்தாகிறது. ஆசிரியர் அன்றைய வகுப்பைக் கலைத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தலைமையாசிரியரின் கண்டனத்துக்கும் ஆளாகிறார்.

தோற்றது எது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். பழைய மனப்பாட முறை இங்குத் தோற்கவில்லை. அக்காலத்தில் மிக நவீனமாகக் கருதப்பட்ட முறையே தோற்கிறது. மறுநாள் வகுப்பை ஆட்கொள்வதோ, பாட்டிமார் அறிந்த பழந்திறனாகிய கதை. இதனை ‘நவீனம் தோற்று மரபு வென்றது’ என்று கொள்வது பிழையான வாசிப்பாகும். ஏனெனில், மாண்டிசோரி முறையில் அமைதி விளையாட்டு ஒழுங்கை உருவாக்கும் கருவியன்று. பல நாள் செயல்பாடுகளால் குழந்தைகளிடம் முன்னரே விளைந்த ஒழுங்கின் வெளிப்பாடு அது. விளைவை முதற்படியாக வைத்ததே புதிய ஆசிரியரின் பிழை. அவர் முறையை அறிந்திருந்தார். அம்முறை எந்த வகுப்பில், எந்த நாளில், எந்த உறவுக்குப் பின் பொருந்தும் என்பதை அறிந்திருக்கவில்லை.

நன்னூலின் பொதுப்பாயிரம் பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்தில் காலத்தையும் இடத்தையும் தேர்தலை முதலில் வைப்பதும், கொள்வோனின் கொள்திறன் அறிந்து உரைக்கச் சொல்வதும் இங்கு நினைக்கத்தக்கன. பவணந்தியார் மனத்தில் கொண்டது நூல் கேட்க வந்த மாணாக்கனை. கிஜுபாயின் வகுப்பில் இருப்பவர்களோ பாடம் கேட்க விருப்பமின்றி அமர்த்தப்பட்ட சிறுவர்கள். இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒப்பிடுதல் கூடாது. எனினும் ‘திறன்’ என்பதை ஆசிரியரின் உடைமையாகக் கருதாமல், கற்போரின் நிலையோடு சேர்த்தே மதிப்பிடும் பார்வை இரண்டிலும் உண்டு.

புதியவரின் குரல், பழகியவரின் கை

நூலின் குறை இரண்டாம் நாளிலிருந்து தொடங்குகிறது. கதை உடனே பலிக்கிறது. கதையை இடையில் நிறுத்தி வருகைப் பதிவு எடுத்தாலும் பிள்ளைகள் கட்டுப்படுகின்றனர். பாடநூல் வாங்கும் பணத்தில் கதைநூல் வாங்கி வகுப்பு நூலகம் அமைக்கும் முயற்சி, அந்தாக்ஷரி, சொல்வகைகளைச் செயல்மூலம் உணர்த்தும் இலக்கண விளையாட்டு, மனப்பாடம் செய்யாத நாடகம் எனத் தீர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கு வருகின்றன. பெற்றோரின் அக்கறையின்மை, சக ஆசிரியரின் ஏளனம் ஆகிய தடைகள் வகுப்புக்கு வெளியில்தான் எழுகின்றன. வகுப்புக்குள் முதல் நாளுக்கு ஒப்பான தோல்வி பின்னர் நிகழவில்லை.

இதற்குக் காரணம் படைப்பாளியின் வாழ்க்கையில் உள்ளது. வழக்கறிஞராயிருந்த கிஜுபாய் 1916இல் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920இல் அங்குப் பால மந்திரைத் தொடங்கினார். அதாவது நூலை எழுதுகையில் அவர் பத்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உடையவர். புதியவரின் குரலில் கதை சொல்லப்பட்டாலும், தீர்வுகளை எடுத்துக் கொடுப்பது பழகியவரின் கை. முதல் பணியில் சேர்ந்து இரண்டாம் வாரத்திலும் வகுப்பை அமைதிப்படுத்த இயலாத ஓர் இளம் ஆசிரியை இந்நூலை வாசித்தால், குறை தன்னிடமே உள்ளது என்று கருத வாய்ப்புண்டு. நூல் தரும் ஊக்கத்தைப் போற்றுவோர் இதனைப் பேசுவதில்லை. மேலும், சோதனை வென்றது என்பதற்குச் சான்று சொல்பவரும் சோதனை செய்தவரே. மாணவர் கூட்டமாகவே பேசுகின்றனர். கதையிலும் விளையாட்டிலும் ஒட்டாமல் ஒதுங்கிய ஒரு சிறுவனின் பார்வை நூலில் வளர்த்தெடுக்கப்படவில்லை.

நுண்ணிலைக் கற்பித்தலில் நிகழ முடியாதது

1963 அளவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தல், இந்திய ஆசிரியர் கல்வியில் இன்றும் நிலைபெற்றுள்ளது. தொடங்குதல், விளக்குதல், கிளர்வினா எழுப்புதல், வலுவூட்டல், பல்வகைத் தூண்டல், கரும்பலகைப் பயன்பாடு எனத் திறன்கள் பகுக்கப்படுகின்றன. ஒரு திறனை 6 நிமிடம் கற்பித்து, கருத்துப் பெற்று, திட்டத்தைத் திருத்தி, மீண்டும் கற்பித்துக் கருத்துப் பெறும் சுழற்சி இந்திய மாதிரியில் 36 நிமிடம் கொண்டது. பேச்சின் விரைவு, வினாவின் தெளிவு, பலகையின் ஒழுங்கு ஆகியவற்றைச் சீர்செய்ய இப்பயிற்சி பயன்படுகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அங்கு மாணவராக அமர்வோர் பெரும்பாலும் சக பயிற்சி ஆசிரியர்கள். அடுத்த சுற்றில் தாமும் கற்பிக்க வேண்டியவர்கள் என்பதால் ஒத்துழைப்பது அவர்களது வழக்கம். கேட்ட வினாவுக்கு விடை உடனே வருகிறது. அமைதி விளையாட்டு அங்கு ஒருபோதும் தோற்காது. மேரி பட் ரோவின் காத்திருப்பு நேர ஆய்வுகள் இங்கு ஒரு சான்று. வினா கேட்டபின் ஆசிரியர் ஏறத்தாழ ஒரு நொடி மட்டுமே காத்திருப்பதையும், அதனை மூன்று நொடி அளவுக்கு நீட்டினால் விடைகளின் நீளமும் தரமும் உயர்வதையும் அவை காட்டின. காத்திருத்தல் ஒரு திறனாவது, விடை வருமா என்பது உறுதியில்லாத வகுப்பில்தான். விடையைத் தயாராக வைத்திருக்கும் நண்பர் முன் மூன்று நொடி மௌனம் வெறும் நடிப்பாகிறது. 2015 முதல் நடைமுறைக்கு வந்த ஈராண்டுக் கல்வியியல் பட்டப் படிப்பில் 20 வாரக் களப்பணி இடம்பெற்றிருப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடும். அங்கும் மதிப்பெண் பெறுவது நன்கு நடந்த பாடத்தின் திட்டக் குறிப்பேடு. குலைந்த பாடத்தைப் பதிவுசெய்து ஆராய்வதற்கு உரிய மதிப்பு இல்லையெனில் பயிற்சியாளர் அதனை எழுத முன்வரமாட்டார்.

சோதனைக்குக் கிடைத்த இடம்

கதைசொல்லியின் சுதந்திரம் அதிகாரியின் அனுமதியால் கிடைத்தது. ஒரே வகுப்பு, ஓராண்டு, பாடநூலை ஒதுக்கி வைக்கும் உரிமை ஆகியவை சக ஆசிரியருக்கு இல்லை. அவர்களது முணுமுணுப்பில் நியாயம் உண்டு என்பதை நூல் போதிய அளவு ஆராயவில்லை.

தமிழகத்தில் இன்றைய நிலை மற்றொரு திருப்பத்தைக் காட்டுகிறது. 2022இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் கதை, பாடல், விளையாட்டு ஆகியவை ஆசிரியர் கையேட்டிலேயே இடம்பெறுகின்றன. மாணவர் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாக வகைப்படுத்தப்படுகின்றனர். கிஜுபாயின் ஆசிரியர் கண்டனத்துக்கு அஞ்சாமல் கொண்டுவந்த கதை, இப்போது பின்பற்ற வேண்டிய நிரலாக வந்து சேர்கிறது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. கதை சொன்னதற்காக ஓர் ஆசிரியர் விளக்கமளிக்கத் தேவையில்லை. ஆயினும் முதல் நாள் வகுப்பு கலைந்தபோது அந்தப் புதிய ஆசிரியர் தம் தாளை ஒதுக்கிவிட்டு மறுநாள் வேறொன்றோடு வந்தார். கையேட்டிலுள்ள கதை ஒரு வகுப்பில் எடுபடாதபோது, மறுநாள் வேறொரு கதையோடு வருவதற்கான இசைவு அதே கையேட்டில் எவ்வளவு உள்ளது என்பது பக்கம்வாரியாக ஆராயப்பட வேண்டிய பொருளாகும்.