உயர்திணையா, அஃறிணையா: பாலாற்றின் கடன்காரர் யார்?

ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். பாலாற்றங்கரையில் நிலமும் கிணறும் கெட்டுப்போன ஒருவருக்கு ஏழாண்டு இழப்பின் சராசரி மதிப்பு இவ்வளவுதான் என்று 2001-இல் கணக்கு முடிக்கப்பட்டது. சூழல் இழப்பீட்டு ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 547 டேனரிகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளை, பொறுப்பாளிகளாக அடையாளம் கண்டு, 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு மாதம் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மறுபக்கம் வகுத்தால் ஒரு டேனரிக்கு ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. அதுவும் 1991 முதல் 1998 வரைக்குமான தொகை.

இந்த ஆணையம் பிறந்தது 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த வழக்கு அது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகச் சொன்ன ஆய்வைத் தீர்ப்பே எடுத்துக்காட்டுகிறது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு.

ஆனால் மாசுபடுத்திய'வர்' என்பதா, மாசுபடுத்திய'து' என்பதா? ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் எழாது. தமிழில் திணை பார்த்துத்தான் வினையை முடிக்க வேண்டும். கம்பெனி உயர்திணையா, அஃறிணையா?

இதற்குச் சட்டம் 1896-இலேயே விடை சொல்லிவிட்டது. ஆம்பூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்: அந்த வழக்கும் தோல் செருப்பு வழக்குதான். லண்டனில் பூட்ஸ் செய்து விற்ற ஆரோன் சாலமன், தன் கடையைத் தானும் மனைவி மக்களுமாக எழுவர் பங்குதாரராக இருந்த கம்பெனிக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. கம்பெனி நொடித்ததும் கடன் கொடுத்தவர்கள் அவரைப் பிடித்தார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது பிரபுக்கள் சபை. உலகெங்கும் முதலாளியின் வீட்டுக்கும் கம்பெனியின் கடனுக்கும் இடையே நிற்கும் சுவர் அங்கே எழுந்தது.

அந்தச் சுவரை ஒரே வீச்சில் இடிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இழப்பீடு என்று வரும்போது கம்பெனியைப் பிடிப்பதுதான் பாதிக்கப்பட்டவருக்கு லாபம். ஸ்ரீராம் ஆலையின் வாயுக்கசிவு வழக்கில், ஆபத்தான தொழில் செய்யும் நிறுவனம் தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் மனதில் என்ன இருந்தது என்று துருவ வேண்டியதில்லை. முதலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவர் அறிந்திருந்தாரா, ஊரில் இருந்தாரா என்பதிலேயே தலைமுறை கடந்துவிடும். போபால் விஷவாயுக் கசிவை நினைத்துக்கொள்ளுங்கள். யூனியன் கார்பைட் 1989-இல் 47 கோடி டாலர் கொடுத்தது. தொகை அநியாயமாகக் குறைவு, ஆனால் வந்தது. அதன் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் 2014-இல் விசாரணைக்கே வராமல் இறந்துபோனார்.

மேலும், 'பணக்கார முதலாளி' என்ற சொல்லே இங்கே வழுக்குகிறது. பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ பிறருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறு டேனரிக்காரர் முதலாளிதான். ஆனால் விலை அவர் கையில் இல்லை. அது ஏற்றுமதியாளர் கையில். அதற்கும் மேலே, ஐரோப்பாவில் ஷூவுக்குத் தன் பெயரை ஒட்டும் பிராண்டின் கையில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஊரை குரோமியத்தின் பக்கம் தள்ளியதில் அரசுக்கும் பங்குண்டு. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்து அனுப்பு என்றது தில்லி.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். கம்பெனி சாகும், குரோமியம் சாகாது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன். அதைக் காரணம் காட்டித்தான் 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை சேர்க்கப்பட்டது. அஃறிணையைப் பிடி என்பவர்கள் இங்கே யாரைப் பிடிப்பார்கள்? பணக்காரரைப் பிடி என்பவர்களுக்கும் இங்கே சங்கடம் உண்டு: அந்த ஆலையைத் தொடங்கியதில் அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுக்கே பங்கு இருந்தது.

சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவரும் எழும்பியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தனிக் கம்பெனிகள். அவற்றின் பங்குதாரர்கள் டேனரிகள். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் அப்படியொரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்களை மூழ்கடித்தது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவு பலருடையது, தொட்டி ஒரு கம்பெனியுடையது. பொறுப்பை இப்படிப் பங்கு பிரிக்கும் கலையில் லண்டன் சாலமன் நமக்கு மாணவர்.

சிறைத் தண்டனை என்ற ஆயுதமும் மழுங்கிவிட்டது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், இயக்குநரின் இசைவோ அலட்சியமோ இருந்தால் அவரையும் குற்றவாளியாக்கியது. 2023-லும் அதன் பிறகும் வந்த திருத்தங்கள் சூழல் சட்டங்களில் பெரும்பாலான சிறைத் தண்டனைகளை எடுத்துவிட்டு 10,000 முதல் 15 லட்சம் வரை அபராதம் வைத்தன. பெரிய ஏற்றுமதியாளருக்கு அது இன்னொரு செலவுத் தலைப்பு.

என் முடிவு இது. முதல் கடன்காரர் நிறுவனமே. அதன் நிலமும் இயந்திரமும் முதலில் போகட்டும். அது போதாதபோது கேட்க வேண்டியது 'யார் பணக்காரர்' என்பதை அல்ல. கழிவு ஓடிய ஆண்டுகளில் முடிவெடுத்தவர் யார், லாபத்தை வெளியே எடுத்துச் சென்றவர் யார் என்பதை. எடுத்த அளவுக்கு அவர் திருப்பித் தரட்டும், அது அரசாக இருந்தாலும். ஜாப் ஒர்க்காரர் தப்ப இந்த அளவுகோல் வழிவிடும். அவருக்கு விலை வைத்தவர் தப்ப விடாது.

இது நடக்காத காரியம் என்பவர்கள் வருமான வரித் துறையைக் கேட்கலாம். தனியார் கம்பெனி வரி கட்டாமல் நொடித்தால், தன் மீது பெருந்தவறு இல்லை என்று நிரூபிக்காத இயக்குநரிடமே வசூலிக்க 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு வழி செய்தது. கஜானாவுக்கு வர வேண்டிய பணம் என்றால் சாலமனின் சுவரில் கதவு வைக்கத் தெரிகிறது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் மீண்டும் பேசியது. இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஆறு சீராகும்வரை பொறுப்பு தொடரும் என்றது. கொடுப்பதற்கு ஆறு வாரக் கெடு. வசூலிக்க வேண்டியது தாசில்தார் அலுவலகம். மூடிக்கிடக்கும் டேனரியின் கேட்டில் நோட்டீஸை ஒட்டிவிட்டுத் திரும்புவதா, கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து வேறொரு வீட்டுக் கதவைத் தட்டுவதா என்பதற்கு அதன் கையில் இன்னும் ஒரு பிரிவு இல்லை.