கூட யார் வர்றாங்க?

இலக்கிய விழா பற்றிய தமிழ்க் குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'குடும்பத்துடன்'. எழுத்தாளர் குடும்பத்துடன் வந்திருந்தார், குடும்பத்துடன் படம் எடுத்துக்கொண்டார். எழுதுபவர் அன்பாக ஒரு தகவலைப் போட்டுவிட்டு அடுத்த அமர்வுக்குப் போய்விடுகிறார். எனக்கு அங்கேயேதான் வண்டி நின்றுவிடுகிறது. ஆண் எழுத்தாளருக்கு அந்தச் சொல் ஒரு பொருள் தருகிறது, பெண் எழுத்தாளருக்கு முற்றிலும் வேறு பொருள். நம் விமர்சனம் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறது.

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனைவி முன்வரிசையில் இருப்பார். ஏற்புரை முடியும்போது, "இவங்க இல்லேன்னா நான் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்." கைதட்டல், மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடை. அந்த வரிகள் எழுதப்பட்ட நாட்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களே எழுதினால்தான் உண்டு. சுந்தர ராமசாமியைப் பற்றி கமலா ராமசாமி எழுதிய 'நெஞ்சில் ஒளிரும் சுடர்' அப்படி வந்த புத்தகம். அருண்மொழி நங்கையை, கோவை விஷ்ணுபுரம் விழாவுக்குப் போகும் பலரும் ஜெயமோகனின் மனைவியாகத்தான் நெடுங்காலம் அறிந்திருந்தார்கள். அவர் 'பனி உருகுவதில்லை' எழுதியபோது அதன் மையத்தில் வைத்தது கணவரை அல்ல, தன் சிறுவயதை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். திருச்சியை அடுத்த துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா. பதின்மூன்று வயதோடு பள்ளி நின்றுபோனது. திருமணத்துக்குப் பிறகு இரவில் கழிப்பறையில் ஒளிந்து எழுதிய கதை பலருக்கும் தெரியும். பேட்டிகளில் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய அம்மா. எழுதிய தாள்கள் வீட்டை விட்டு வெளியே போனது அம்மா வழியாகத்தான். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வந்த சமயத்தில், மருத்துவரைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அம்மாவும் மகளும் சென்னைக்கு வந்திருக்கிறார்கள்.

இதுவும் 'குடும்பத்துடன்' வந்ததுதான்! ஆனால் இங்கே குடும்பம் என்பது வாசல் காவலும் திருட்டுச் சாவியும் சேர்ந்த ஒன்று. பள்ளியை நிறுத்திய அதே வீட்டைச் சேர்ந்தவர்தான் கவிதையையும் கடத்துகிறார். அந்தக் கவிதைகளோ மணவாழ்வின் படுக்கையறையை நேராகப் பேசுபவை. ஒரு தாய் தன் மகளுடைய அந்த வரிகளைச் சுமந்து போயிருக்கிறார்.

கிம் லாங்கினோட்டோ எடுத்த 'சல்மா' ஆவணப்படம் 2013இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. அதைப் பற்றி வந்த எழுத்துகளில் பெரும்பாலானவை ஒற்றைப் பெண்ணுக்கும் ஊருக்கும் நடந்த சண்டையாகவே கதையைச் சொல்கின்றன. வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அது வசதி. படம் அவ்வளவு தட்டையானதில்லை. அம்மாவும் கணவரும் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்களை வில்லன்களாகப் பார்ப்பதா துணையாகப் பார்ப்பதா என்று நமக்கே தடுமாற்றம் வருகிறது. அந்தத் தடுமாற்றம்தான் படத்தின் பலம். 2004இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலிலும் இதே விஷயம் இருக்கிறது: வீட்டின் சட்டங்களைக் காவல் காப்பவர்களில் பெண்களே அதிகம், அவற்றின் ஓட்டைகள் தெரிந்தவர்களும் அவர்கள்தான். படத்தைப் பார்த்தவர்கள் நாவலையும் படித்துவிடுங்கள். எனக்கு நாவல் ஒரு படி மேல்.

பிறகு 2001இல் உள்ளாட்சித் தேர்தல். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். சல்மா நின்றார், வென்றார். எழுத்துக்கு இறங்காத வீடு இட ஒதுக்கீட்டுக்கு இறங்கியது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. விதி மாறினால் வீடும் கொஞ்சம் மாறுகிறது.

கணவரின் உத்தியோகம் எழுத்தாளரைக் கூட்டிக்கொண்டு போன கதையும் உண்டு. ராஜம் கிருஷ்ணனின் கணவர் மின் பொறியாளர். அவருடைய வேலை நீலகிரியின் குந்தாவுக்குப் போனது, ராஜமும் போனார், படுகர் வாழ்வைச் சொல்லும் 'குறிஞ்சித்தேன்' கிடைத்தது. 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது. கணவர் இறந்த பிறகு முதியோர் இல்லம், கடைசியில் எங்கள் பக்கத்துப் போரூர் ராமச்சந்திரா மருத்துவமனை. 2014 அக்டோபரில் அங்கேதான் மறைந்தார். அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இலக்கியத் தடம் தேடும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்கள் புறநகரின் மிகப் பெரிய எழுத்தாளர் கடைசி நாட்களைக் கழிக்கத்தான் இங்கே வந்தார், கூட யாரும் இல்லாமல்.

மென்பொருள்காரனுக்கு எல்லாமே படிவமாகத்தான் தெரியும். விழா அழைப்புப் படிவத்தில் 'உடன் வருபவர்' என்று ஒரு கட்டம் இருந்தால், ஆண் அதை நிரப்புவது விருப்பத்துக்கு. நிறைய பெண்களுக்கு அது கட்டாயக் கட்டம். நிரப்பாவிட்டால் படிவம் மேலே நகராது. ஆவடியில் இருக்கும் ஒரு பெண் கவிஞர் நந்தனம் புத்தகக் காட்சி அரங்கில் பேச வேண்டும் என்று வையுங்கள். மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் நந்தனம். போவதில் சிரமமில்லை. ஆறு மணிக் கூட்டம் ஆறே முக்காலுக்குத் தொடங்கும், முதல் இரண்டு பேர் முக்கால் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அவருடைய முறை வரும்போது எட்டேகால். வீட்டிலிருந்து மூன்றாவது போன் வந்திருக்கும். ஏழு நிமிடத்தில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் குறிப்பில் 'சுருக்கமாகப் பேசினார்' என்று வரும். குழுப் படத்தில் அவர் இருக்கமாட்டார்.