ஷெஹான் ஏன் விமானம் ஏறவில்லை?

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ நாவல் 1994ல் வெளிவந்தது. அதை இன ஒடுக்குமுறையின் சாட்சியமாக வாசித்தவர்கள் உண்டு. தன்பாலீர்ப்பின் கதையாக வாசித்தவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிடித்தவர்களும் உண்டு. எல்லாமே நியாயமான வாசிப்புகள்தான். எனக்கு அதில் விடாமல் உறுத்துகிற இடம் கடைசியில் இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிகின்றன. அர்ஜியின் வீடும் எரிகிறது. குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது. அர்ஜி நேசித்த ஷெஹான் என்கிற சிங்களப் பையன் கொழும்பிலேயே நின்றுவிடுகிறான்.

இதை வரலாற்றின் சோகம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குடியேற்றச் சட்டத்தின் வேலை இதில் என்ன என்று கேட்பதில்லை. அர்ஜி தனியாளாகப் போகவில்லை, மகனாகப் போகிறான். அவன் அம்மா மனைவியாகப் போகிறாள். அந்தப் பயணத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு முறைப்பெயர் இருக்கிறது. ஷெஹானுக்கு முறைப்பெயர் இல்லை, ஆகவே இருக்கையும் இல்லை. பள்ளிக்கூடப் பையன்கள்தானே, எந்த நாடு அவர்களைச் சேர்த்து அழைத்திருக்கும் என்று கேட்கலாம். சரி, வயதைக் கூட்டிப் பாருங்கள். இருவருக்கும் முப்பது வயது, பத்து வருஷமாக ஒரே கூரையின் கீழே என்று வைத்துக்கொண்டாலும் 1983ல் கனடாவின் பதில் மாறியிருக்காது. ஒரே பாலினத் துணையைக் குடும்பத்தில் ஒருவராகக் கொள்ளும் குடியேற்றச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது 2002ல்.

இந்தப் பேச்சை நம் தோழர்களிடம் எடுத்தால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ‘குடிசை எரியுது, மலக்குழியில எறங்கி ஆளு சாவறான், இதுல வெளிநாட்டுக்காரனக் கட்டிக்கிட்டவனுக்கு விசா வேணுமா?’ இதைக் கோபத்தில் கேட்கிறார்கள், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே வாதத்தை இன்னொருவர் வாயிலும் கேட்டேன். 2023ல் ஒரே பாலினத் திருமண வழக்கில் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் சொன்னதும் இதைத்தான்: இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று. மேட்டுக்குடியைப் பற்றி நமக்கு அந்த அரசு பாடம் நடத்துகிறது! நம்முடைய வார்த்தையை எடுத்து நம்மிலேயே சிலரை இல்லாமலாக்குகிற வித்தை இது. சேரியில் தன்பாலீர்ப்பாளர் இல்லை என்று சொல்லுகிறவர் சேரியை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அங்கே யாரும் வாய் திறக்க முடியாதபடி பார்த்துக்கொண்டவராக இருக்க வேண்டும்.

ஆனாலும் தோழர்களின் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. அதைச் செல்வதுரையின் பிரதியை நோக்கித் திருப்ப வேண்டும். அர்ஜியின் அப்பா ஹோட்டல் முதலாளி. வீடு எரிந்தாலும் விமானம் ஏற வழி இருந்தது. அதே ஜூலையில் அடிபட்ட மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வழி இருந்ததா? நாவல் இதைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுதியவர் தான் அறிந்த வீட்டை எழுதினார். ஆனால் எல்லை எப்படி உறவுகளை அறுக்கிறது என்று பேசவந்தால், தமிழில் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் தோட்டத்து லயங்களில்தான் எழுதப்பட்டது. 1948 சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைச் சந்தைக் கணக்காகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974ல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு. அந்த மக்களில் பெரும்பான்மையோர் நம் சாதியினர். முறைப்பெயர் இருந்த உறவையே காகிதம் அறுத்தது என்றால், பெயரே இல்லாத உறவை என்ன செய்திருக்கும்?

எங்கள் எர்ணாவூர் இப்படி அறுபட்டவர்கள் வந்து சேரும் இடம். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்குப் பர்மா நகர், கடல் துரத்தியவர்களுக்குச் சுனாமி குடியிருப்பு. மேற்கே போனால் புழல் முகாம், வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி முகாம். இங்கே ஓர் அக்கா இருக்கிறார். குவைத்தில் வீட்டுவேலைக்குப் போனவர். அதே வீட்டில் வேலை செய்த, மலையகத் தோட்டத்தில் பிறந்த ஒரு பெண்ணோடு ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தார். ஒரே மொழி, ஒரே சாதி, பாஸ்போர்ட் மட்டும் இரண்டு. இரண்டு பேரும் ஊர் திரும்பிய பிறகு அந்தப் பெண் சுற்றுலா விசாவில் வருகிறார், கெடு முடிந்ததும் போகிறார். சுற்றிப் பார்க்க எர்ணாவூரில் என்ன இருக்கிறது, சாம்பலும் கொசஸ்தலை ஆற்றுக் கழிவும்தான். கல்யாணச் சட்டம் வந்தா சரியாப் போயிடுமாக்கா என்று கேட்டேன். ‘நாங்க இன்னா கல்யாணமா கேக்குறோம்? தாலியும் வாணாம், பந்தலும் வாணாம். ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்து ஒரே ஊர்ல சாவணும், அவ்ளோதாம்மா’ என்றார்.

அந்தப் பெண் ஆணாக இருந்து அக்காவைப் பதிவுத் திருமணம் செய்திருந்தால் மனைவியோடு தங்குவதற்கான விசா கேட்கலாம். பதிவாகி இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தபின் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை என்கிற ஓசிஐ கேட்கலாம். ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். (முகாம்வாசிகளுக்கு இதுவும் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. சட்டவிரோதமாக வந்தவர்கள் என்ற பட்டம் இருப்பதால், இந்தியரைக் கட்டியும் குடியுரிமை கிடைக்காமல் நிற்பவர்கள் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.)

அக்காவின் அந்தப் பதிலோடுதான் 2023 அக்டோபர் 17 தீர்ப்பை வாசித்தேன். 366 பக்கம். சட்டம் படித்தவள் இல்லை நான், தமிழ் எம்.ஏ. உரைகாரர்களைப் படித்த பழக்கத்தில், ஒரு சொல் எங்கே வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பது மட்டும் தெரியும். வழக்குக்குள் எல்லை கடந்த தம்பதிகள் இருந்தார்கள். ஓசிஐ அட்டை வைத்திருக்கும் ஜோய்தீப் சென்குப்தாவும் அமெரிக்கரான ரஸ்ஸல் பிளெய்ன் ஸ்டீபன்ஸும் 2012ல் நியூயார்க்கில் மணம் செய்தவர்கள். துணைக்கும் ஓசிஐ அட்டை தர வேண்டும் என்று 2021ல் டெல்லி உயர்நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு முன்பே பராக் மேத்தாவும் வைபவ் ஜெயினும் போயிருந்தார்கள். 2017ல் வாஷிங்டனில் நடந்த தங்கள் திருமணத்தை 1969 அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய இந்தியத் துணைத்தூதரகம் 2020ல் மறுத்துவிட்டது. 2023 ஜனவரியில் எல்லா மனுக்களும் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

குடியுரிமைச் சட்டத்தில் ஓசிஐ பற்றிய பிரிவில் கணவன், மனைவி என்ற சொற்கள் இல்லை. துணை என்று பொருள்படும் பொதுச்சொல்தான் இருக்கிறது. மனுதாரர்கள் அந்தச் சொல்லைப் பிடித்தார்கள். நல்ல பிடி. ஆனால் வழக்கு ‘திருமணம்’ என்ற பெரிய சொல்லின் அடியில் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சின்னச் சொல் நசுங்கிப்போனது. திருமணம் செய்துகொள்ளும் உரிமை அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் ஒன்றாகச் சொன்னார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் அந்த இணைவை அரசு ஏற்க வேண்டுமா என்பதில் சந்திரசூட்டும் கவுலும் ஒரு பக்கம், பட், கோலி, நரசிம்மா மூவரும் மறுபக்கம். மூன்றுக்கு இரண்டு. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. விசாவின் கேள்வியைத் திருமணம் என்கிற கதவில் மாட்டி வைத்திருந்தார்கள். கதவு சாத்தப்பட்டதும் அதுவும் கூடவே போய்விட்டது.

திருமணம் என்ற கதவை நாம் முன்பே தட்டிப் பார்த்தவர்கள். ஐயர் இல்லாமல், சடங்கு இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி திருமணமே இல்லை என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. மேடையேறி மாலை மாற்றிக்கொண்டவர்களின் பிள்ளைகளுடைய நிலை என்ன என்ற கேள்வி பல வீடுகளைக் குடைந்தது. 1967ல் அண்ணா ஆட்சியில் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் திருமணங்களுக்கு உயிர் வந்தது. 2022 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு பெண்களின் திருமணம் தமிழ்ப் பிராமண முறைப்படி நடந்து பத்திரிகைகளில் படங்களோடு வந்தது. இருவரும் கனடாவில் வாழ்பவர்கள். அவர்கள் மகிழ்ச்சி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: அன்று ரிஜிஸ்திராரைக் கேட்டால் ஐயர் எங்கே என்றார்கள். இன்று ஐயர் கிடைக்கிறார், ரிஜிஸ்திரார் கிடைக்கவில்லை. சடங்கு புரட்சியாகத் தெரிகிற இடத்தில் நம் கண் கொஞ்சம் கூசத்தான் வேண்டும்.

அம்பேத்கர் 1916ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த சாதி பற்றிய கட்டுரையில், அகமணத்தைக் காப்பாற்றுவதுதான் சாதியின் வேலை, அதற்கு ஆண் பெண் எண்ணிக்கை குழுவுக்குள் சமமாக நிற்க வேண்டும் என்கிறார். துணையை இழந்து மிஞ்சி நிற்கும் ஆண், மிஞ்சி நிற்கும் பெண், இவர்களை என்ன செய்வது என்பதே சாதியின் தலைவலி. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அந்தக் கணக்கைச் சரிக்கட்டும் உபாயங்கள். இந்தச் சட்டகத்தில் தன்பாலீர்ப்பாளரை வைத்துப் பாருங்கள். துணை செத்ததால் மிஞ்சியவர் இல்லை, கணக்குக்குள் வரவே மறுப்பதால் மிஞ்சியவர். சாதி அவரை அடித்து ஒரு கல்யாணத்துக்குள் தள்ளுவது இதனால்தான். அயலாரைத் துணையாகக் கொண்டால் அவர் அரசின் கணக்கிலும் மிஞ்சுகிறார். மக்களை ஆண் பெண் ஜோடிகளாக எண்ணி வாசலில் அனுமதிப்பதில் குடியேற்ற அதிகாரியும் ஊர்ப் பெரியதனக்காரரும் ஒரே வாய்ப்பாட்டைப் படித்தவர்கள்.

சாதிப்பெயரை வசையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கடிதத்தைச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஆடம்ஸ் அமெரிக்கர், ஆண்டனி சல்லிவன் ஆஸ்திரேலியர். 1975ல் கொலராடோவில் முறையாக உரிமம் வாங்கி மணம் செய்து, குடியேற்ற விண்ணப்பம் போட்டார்கள். தன்பாலீர்ப்பாளர்களைத் திட்டும் தெருச்சொல்லை அப்படியே எழுதி, அப்படிப்பட்ட இருவருக்கிடையே உண்மையான மணவுறவு இருக்க முடியாது என்று அரசுத் துறையிடமிருந்து பதில் வந்தது. அரசு முத்திரையோடு ஒரு வசை! சல்லிவனுக்கு நிரந்தரக் குடியேற்ற அட்டை கிடைத்தது 2016ல். ஆடம்ஸ் 2012லேயே இறந்துவிட்டார். மனைவியை இழந்த கணவனுக்குரிய இடத்தில் வைத்துத்தான் கொடுத்தார்கள்.

நான் நம்பிக்கையோடு பார்ப்பது தென்னாப்பிரிக்காவை. நிறவெறி ஆட்சி 1949ல் கலப்பு மணத்தைத் தடைசெய்த நாடு அது. யார் எங்கே தூங்கலாம் என்பதற்கும் பாஸ் கேட்ட நாடு. அந்த ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற கறுப்பர் சைமன் என்கோலி, தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லியே இயக்கத்துக்குள் நின்றார். 1999 டிசம்பரில் அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம், வெளிநாட்டுக் கணவன் மனைவிக்கு உள்ள குடியேற்றச் சலுகை நிலையான ஒரே பாலினத் துணைக்கும் உண்டு என்று சட்டத்துக்குள்ளேயே சொற்களைச் சேர்த்து வாசித்தது. ஒரே பாலினத் திருமணச் சட்டம் அங்கே வந்தது 2006ல். ஏழு ஆண்டு முன்னதாகவே விசா வந்துவிட்டது! ஹாங்காங்கில் இதே போல 2018ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்ளூரில் ஒரே பாலினத் திருமணம் இல்லாதபோதும், பிரிட்டனில் பதிவு செய்த துணைக்குச் சார்பு விசா மறுப்பது பாகுபாடு என்றது. திருமணம் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்ற வரிசை கல்லில் எழுதியதில்லை. இங்கே மனுதாரர்கள் அந்த வரிசைக்கே கட்டுப்பட்டார்கள் என்பதுதான் என் விமர்சனம்.

நம் ஊரிலேயே இதற்குப் பிடிமானம் இருக்கிறது. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று சொன்னது. அதற்கு முன் 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் தங்கள் உறவைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வழி செய்யலாமே என்று தமிழக அரசைக் கேட்டார். ஒன்றிய அரசும் 2024ல் ஒரே பாலினத் துணைகளை ரேஷன் கார்டில் ஒரே வீட்டாராகக் கொள்ளலாம், வங்கியில் கூட்டுக்கணக்குத் தொடங்கலாம் என்று அறிவித்தது. ரேஷன் அரிசிக்குக் குடும்பம் என்று ஒத்துக்கொண்ட உறவு விசாவுக்கு மட்டும் எப்படி அந்நியமாகும்? ஆனால் ரேஷன் கார்டு குடிமக்களுக்குத்தான். அக்காவின் துணைக்கு அதிலும் பெயர் ஏறாது.

திருமணத்தை விட்டுவிட்டு ‘சேர்ந்து வாழ்தல்’ என்று கேட்டாலும் சாட்சியம் கேட்பார்கள். பிரிட்டன் 1997ல் மணமாகாத துணைகளுக்குக் கதவு திறந்தபோது, நான்கு ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது. வாடகை ஒப்பந்தம், கூட்டுக்கணக்கு, இருவர் பெயரிலும் வந்த மின்கட்டண ரசீது இப்படித்தான் காட்ட முடியும். இங்கே சாதி கேட்காமல் வீடு தருகிறவர் எத்தனை பேர்? கேட்டபின் தருகிறவர், ஆணில்லாத இரண்டு பெண்களின் பெயரில் ஒப்பந்தம் எழுதுவாரா? குவைத்து எஜமானி வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு எந்த ரசீதும் கிடையாது. ஆறு வருஷம் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அக்காவிடம் இருப்பது இரண்டு பாஸ்போர்ட்டுகளில் குத்திய முத்திரைகளின் தேதிகளும் கொஞ்சம் போட்டோவும்தான். ஆகவே கோரிக்கையை எழுதும்போதே இதையும் எழுத வேண்டும்: அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் செல்ல வேண்டும், அனுப்பிய பணத்தின் ரசீது செல்ல வேண்டும், ஆனந்த் வெங்கடேஷ் சொன்ன அந்தப் பத்திரம் வந்தால் அதுவும் செல்ல வேண்டும். விசா கொடுப்பது டெல்லியின் அதிகாரம். பத்திரத்தைப் பதிவு செய்ய வழி செய்வது சென்னையின் அதிகாரத்துக்குள் இருக்கிறது. அதற்கு உச்சநீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.