வேப்பமரத்தடி மாணவிகள்

‘இறுதிச் சுற்று’ (2016), ‘கனா’ (2018), ‘பிகில்’ (2019) மூன்றும் வீராங்கனைகளைப் பற்றிய படங்கள். மூன்றிலும் வெற்றிக்கு வழிகாட்டும் பயிற்சியாளர் ஆண். அதைவிட என்னை உறுத்துவது, நாயகிகள் எல்லோரும் அரிய திறமைசாலிகளாக இருப்பது. திறமை இல்லாத பெண்ணுக்கும் வலுவான உடல் வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தக் கதைகளில் இடமில்லை.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ, பி.டி. பீரியடில் பையன்கள் மைதானத்தை எடுத்துக்கொள்ள, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மாணவிகளை யாரும் படமெடுப்பதில்லை. பள்ளிகளும் இதே கதையைத்தான் நம்புகின்றன: குறுவட்டப் போட்டிக்குப் போகும் நாலு பேருக்குப் பயிற்சி, மற்றவர்களுக்கு நிழல்.

பெண்கள் பந்தெறியும் விதத்தைப் பற்றி 1980இல் எழுதிய ஐரிஸ் மரியன் யங், உடல் ஒதுங்கிக் கை மட்டும் அசைவதற்குக் காரணம் இயற்கையல்ல, பெண் வாழும் சூழல் என்றார். அப்படியானால் எறிவதும், குதித்து முழங்கால் மடக்கித் தரையிறங்குவதும், பாரம் தூக்குவதும் அ, ஆ போல எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டியவை. 5 முதல் 17 வயதுவரை வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். தொடங்குவதற்கு ஜிம் தேவையில்லை; குந்தி எழுவதும், சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பதும் போதும்.

நாளை அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கப்போகிறவளும், வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் சுமக்கப்போகிறவளும் இவள்தான். பதக்கம் வாங்காத இவளுடைய தோள்களைப் பற்றியும் ஒரு படம் வரட்டும். அதற்குமுன், அந்த பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்காமல் இருக்கட்டும்.