முதல் பழுதுக்கு முன்பே முடிந்துவிடும் படம்

கொஞ்ச நாளாக சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற வகை. இந்த விஷயத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு ஆவணப்படத்தைத்தான் கைகாட்டுவார்கள். ‘கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்’, 1969ல் வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 18ஆம் நூற்றாண்டு ஊர் ஒன்றை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் ஒரு ரைஃபிளை முழுக்கக் கையாலேயே செய்கிறார். படம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

முதலில் பாராட்டிவிடுகிறேன், அதற்குத் தகுதியான படம்தான். இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, கம்பியைச் சுற்றி மடித்து அடித்துக் குழலாக்குகிறார். பித்தளையை மணல் அச்சில் வார்க்கிறார். லாக்கின் பாகங்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி எடுக்கிறார். அவசரமே கிடையாது. பின்னணிக் குரல் கொடுக்கும் டேவிட் பிரிங்க்லியும் அளவோடுதான் பேசுகிறார். மூன்று தடவை பார்த்துவிட்டேன், சலிக்கவில்லை.

ஆனால் துப்பாக்கி தயாரானதும் படம் முடிந்துபோகிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

இந்தத் துப்பாக்கி வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். விசையை இழுத்தால், கல் ஒரு எஃகுத் தகட்டை உரசிக்கொண்டு இறங்கும். பொறி என்பது அந்தத் தகட்டிலிருந்து சீவப்பட்ட எஃகுத் துகள்தான். அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி தன்னையே கொஞ்சம் தின்கிறது. தகட்டின் கடினமான மேல்முகம் தேய்ந்துவிட்டால் பொறி வராது. புதிய எஃகு முகம் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் கரித்தூளில் புதைத்துக் காய்ச்சி மறுபடி கடினமாக்க வேண்டும். குழலுக்குள் நெருப்பு போகிற சிறு துளையும் அரித்து அகலமாகும். அதை அடைத்துப் புதிதாகத் துளை போட வேண்டும். ஸ்பிரிங்கில் பதம் கூடினால் ஒடியும், குறைந்தால் தொய்யும். இதெல்லாம் அந்தத் துப்பாக்கியின் அன்றாட வாழ்க்கை.

அதே வில்லியம்ஸ்பர்க்கில், அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கொல்லர் வர்ஜீனியா அரசுக்காக ஆயுதப் பட்டறை நடத்தினார். அங்கே முக்கியமான வேலையே ஆயுதங்களைப் பழுதுபார்ப்பதுதான். வர்ஜீனியாக்காரரான ஜெஃபர்சன் 1785ல் பிரான்சில் ஒரு பட்டறைக்குப் போனார். 50 லாக்குகளைக் கழற்றி, பாகங்களைத் தனித்தனி அறைகளில் வைத்திருந்தார்கள். கைக்கு வந்ததை எடுத்து இவரே மாட்டிப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தியது. ஊருக்கு எழுதிய கடிதத்தில் இதன் பயனாக அவர் சொன்னது என்ன தெரியுமா? பழுதுபார்க்கச் சுலபம் என்பதுதான். அவ்வளவு பெரிய தலைவலியாக இருந்த வேலை, படத்தின் மையத்துக்கு வரவே இல்லை.

தலைப்பே செய்வதைப் பற்றித்தானே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். செய்கிறவனின் மனசு வேறு, பழுதுபார்க்கிறவனின் மனசு வேறு என்பதுதான் குறை. செய்கிறவன் முன்னால் இருப்பது வெறும் இரும்பு. பழுதுபார்க்கிறவன் முன்னால் இன்னொருவர் வேலை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கேப் வெடி வந்தபோது ஏராளமான கல் துப்பாக்கிகளை அதற்கேற்ப மாற்றினார்கள். பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் அவற்றை ‘அசலாக்குகிறேன்’ என்று மறுபடி கல்லுக்கே மாற்றினார்கள். அப்படிச் செய்தபோது, யாரோ ஒரு கொல்லர் அந்தத் துப்பாக்கிக்கு இரண்டாவது ஆயுள் கொடுத்த தடயம் அழிந்தது. வீட்டில் அரத்தை எடுக்கிற ஆர்வலருக்கு இந்தப் படம் தைரியம் கொடுக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காது. ராவினது ராவினதுதான், அன்டூ பட்டன் கிடையாது.

எனக்கு இது உறைக்கக் காரணம் உண்டு. இருபது வருஷமாக நான் அதிகம் செய்தது புது ப்ரோக்ராம் எழுதுவதல்ல, யாரோ எழுதியதை ஓடவைப்பது. ‘இதை ஏன் இப்படி எழுதியிருக்கான்’ என்று திட்டிக்கொண்டே திருத்தி, மறுநாள் காரணம் புரிந்து, பழையபடி வைத்த நாட்கள் நிறைய. அந்தத் தயக்கமும் ஒரு தொழில் திறமைதான்.

படத்தை அவசியம் பாருங்கள். முடிந்ததும், அந்த ரைஃபிளைப் பத்து வருஷம் கழித்துத் தேய்ந்த தகட்டோடு ஒருவர் பட்டறைக்குக் கொண்டுவருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது படத்தைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.